மூன்றாம் டேங்கின் குறிப்பு

நான் பார்க்கும் வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லி யாருக்கும் புரியவைத்ததில்லை. ஆலைகளில் எந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று உண்டு, பி.எல்.சி. என்போம். அதற்கு வெளியே ஒரு டச் ஸ்கிரீன் இருக்கும். அந்த ஸ்கிரீனில் என்ன எழுத்து, எங்கே, எப்போது தெரிய வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பவள் நான். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். கொல்கத்தா பெஹாலாவில் எங்கள் கீழ்வீட்டுக் காக்கிமா, அதாவது சித்தி, அதுகூடச் செய்வதில்லை. என்னை டி.வி. ரிப்பேர் செய்கிறவள் என்று பதினைந்து வருடமாக நம்புகிறார். ரிமோட் வேலை செய்யாவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார். நானும் போய் பேட்டரியை மாற்றிக் கொடுத்து, டீ குடித்துவிட்டு வருவேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அதனால் நான் பிறந்ததும் படித்ததும் கொல்கத்தாவில்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் வங்காளம், வேலைக்குப் போகிற இடங்களில் எல்லாம் கலந்த கதம்பம். கணவருக்குச் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை. எனக்குப் பொறுமை கம்மி, எதிலும் மூக்கை நுழைக்கும் குணம் ஜாஸ்தி என்பது அவர் கருத்து. இரண்டும் உண்மை. இரண்டாவது குணம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

முதல் வேலையில் சேர்ந்த வாரமே ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வால்வைத் திற, மோட்டாரை நிறுத்து என்பதெல்லாம் எந்திரத்துக்குப் புரிகிற சங்கதி. ஆமாம், இல்லை என்ற இரண்டு பதிலில் முடிந்துவிடும். ஆனால் 'பால் தயார்' என்று ஒரு வரி ஸ்கிரீனில் தெரிகிறதே, அந்த வரி பெட்டிக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அலுவலகத்தில் கேட்டேன். தெரிகிறதல்லவா, அது போதாதா என்றார்கள். எனக்குப் போதவில்லை. லேப்டாப்பைப் பெட்டியோடு சொருகி, அதன் நினைவகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன்.

அங்கே எழுத்து எதுவும் இல்லை. வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு எண். ஆங்கில ஏ என்றால் 65, பி என்றால் 66, அப்படியே போகும். ஆனால் வரிசையின் முதல் இரண்டு அறைகளில் எழுத்துக்கு இடமில்லை. முதல் அறையில், இந்த வரி அதிகபட்சம் எத்தனை எழுத்து கொள்ளும் என்ற கணக்கு. இரண்டாவது அறையில், இப்போது எத்தனை எழுத்து இருக்கிறது என்ற கணக்கு. மூன்றாவது அறையிலிருந்துதான் எழுத்து ஆரம்பம். ஸ்கிரீன் முதலில் இரண்டாவது அறையைப் பார்க்கும். அங்கே எட்டு என்று இருந்தால் எட்டு எழுத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதற்கு மேல் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்க்காது. இந்த மொத்த வரிசைக்கும் ஸ்ட்ரிங் என்று பெயர்.

அதற்கு அடுத்தபடி கண்டுபிடித்ததுதான் என்னைக் கிறங்கடித்தது. ஒரு வரியை அழிக்கச் சொன்னால் எந்திரம் எழுத்துகளை அழிப்பதில்லை. இரண்டாவது அறையில் பூஜ்யம் என்று மாற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. வீட்டுக்குள் ஆட்களை வைத்துக்கொண்டே வாசலில் பூட்டுப் போட்ட மாதிரி. ஸ்கிரீனில் வெறுமை, உள்ளே எல்லா எழுத்தும் அப்படியே. நீளமான பழைய வரியின் மேல் குட்டையான புது வரியை எழுதினாலும் அதே கதைதான். புது வரி முடிந்த இடத்துக்கு அப்பால் பழைய வரியின் மிச்சம் கிடக்கும். அதை நான் பத்து தடவையாவது எழுதி, அழித்து, எட்டிப் பார்த்திருப்பேன். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதனால என்ன?" என்றார். அதனால் ஒன்றுமில்லைதான். எனக்கு மட்டும் அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தது.

அதே வாரத்தில் இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. மேலே பிள்ளையார் சுழி போடாமல் எதையும் எழுதத் தொடங்க என் கை ஒப்பாது. பரீட்சைத் தாளிலிருந்து மளிகைச் சீட்டு வரை அப்படித்தான். இந்தப் பெட்டிக்கோ தமிழ் தெரியாது. அதனால் உ-வுக்குப் பதிலாக ஆங்கில யு. எந்த ஆலைக்கு வேலை செய்தாலும் முதல் ஸ்ட்ரிங்கை யாருக்கும் கொடுக்காமல் எனக்கென்று காலியாக வைத்துக்கொள்வேன். அங்கே போகிற ஒவ்வொரு முறையும் லேப்டாப்பைச் சொருகியதும் அதில் ஒரு யு போட்டுவிட்டு, உடனே அழித்துவிடுவேன். பெட்டி நான் சொல்வதைக் கேட்கிறதா என்று பார்த்த மாதிரியும் ஆயிற்று, பிள்ளையாரிடம் சொல்லிக்கொண்ட மாதிரியும் ஆயிற்று. பக்கத்தில் நிற்பவர்கள் கேட்டால் டெஸ்ட் என்பேன். இருபது வருடத்தில் எத்தனை யு போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஜோகாவைத் தாண்டி ஒரு பால் ஆலை. அங்கே ஸ்கிரீன் போட்டுக் கொடுத்தது நான்தான். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலை. ஒரு ஷிஃப்ட்காரர் போகும்போது அடுத்தவருக்குச் சொல்ல வேண்டியதை முன்பெல்லாம் ரெஜிஸ்டரில் எழுதிவைப்பார்கள். பாலும் தண்ணீரும் எந்நேரமும் தெறிக்கிற இடத்தில் ரெஜிஸ்டர் அப்பளம் மாதிரி ஊறிப்போகும். குறிப்பை ஸ்கிரீனிலேயே எழுதிவைக்க இடம் வேண்டும் என்று கேட்டவர் காலை ஷிஃப்ட் ஆபரேட்டர். நாற்பது வயதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, ஒப்பந்தத் தொழிலாளி. பன்னிரண்டு வருடமாக அந்த ஆலையில்தான் இருக்கிறார், பன்னிரண்டு வருடமாக ஒப்பந்தம்தான். நான் அவரை தாதா என்பேன், அதாவது அண்ணா; அவர் என்னை திதி என்பார், அக்கா. நாங்கள் பேசிக்கொள்வது வங்காளத்தில். இங்கே தமிழில் சொல்கிறேன்.

நான்கு வரி அமைத்துக் கொடுத்தேன். வங்காள எழுத்திலேயே காட்ட முடியுமா என்று ஆசையாகக் கேட்டார்கள். முயன்று பார்த்தேன். ஒரு வங்காள எழுத்துக்கு மூன்று அறை பிடித்தது. நாற்பது அறை உள்ள வரியில் பதின்மூன்று எழுத்துக்கே மூச்சு முட்டியது. போதாக்குறைக்கு அந்த ஸ்கிரீனில் எழுத்து ஒரு பக்கமும் அதன் கொம்பு இன்னொரு பக்கமும் நின்றன. தாதா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "விடுங்க திதி, இங்கிலீஷ் எழுத்துலயே வங்காளம் எழுதிக்கறோம். போன்ல அப்படித்தானே எழுதறோம்" என்றார். பிறகு ஒரு தடவை, அவசரமான குறிப்புக்கு மட்டும் மேலே பெரிதாக ஒரு ஐந்தாவது வரி வேண்டும் என்றார். அதையும் போட்டுக் கொடுத்தேன். மேல் வரி காலியாக இருந்தால் அவசரம் எதுவும் இல்லை என்று அர்த்தம். மூன்று ஷிஃப்ட்டும் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

போன மழைக்காலத்தில் அந்த ஆலையின் ஸ்கிரீன் பழுதாகி, வேறு கம்பெனி ஸ்கிரீன் வாங்கி மாட்டினார்கள். மாட்டியதிலிருந்து சரக்குகளின் பெயர்கள் கண்டபடி தெரிகின்றன, எந்த மொழி என்றே புரியவில்லை என்று மேனேஜர் போன் செய்தார். அவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாறி நின்றன. பெட்டி இரண்டு எழுத்தை ஒரு கட்டாகக் கட்டி அனுப்புகிறது. கட்டில் எது முதலில் என்பதில் பழைய ஸ்கிரீனுக்கு ஒரு வழக்கம், புதியதற்கு வேறு வழக்கம். குறிப்பு வரிகள் ஸ்கிரீனிலேயே எழுதி ஸ்கிரீனிலேயே படிக்கப்படுவதால், மாற்றியே எழுதி மாற்றியே படித்து, பார்ப்பவர்களுக்கு ஒழுங்காகத்தான் தெரிந்தன. கோளாறு பெயர்களில் மட்டும். அமைப்பை மாற்றிவிட்டால் தீர்ந்தது. அப்படியும் நேரில் போய்ப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

மத்தியானம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஸ்கிரீனைக் கால் மணி நேரம் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார்கள். பெஹாலா சௌராஸ்தாவில் மெட்ரோ ஏறி, ஜோகாவில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி ஆகப் போகும் நேரம். முதல் வேலையாக, ஸ்கிரீனின் அமைப்பில் கட்டின் வரிசையைப் பழைய வழக்கத்துக்கே மாற்றினேன். அதற்கப்புறம் தாதா ஸ்கிரீன் முன்னால் வந்து நின்று ஏதோ தட்டினார். முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். நான் லேப்டாப்பைப் பெட்டியோடு சொருகினேன். வழக்கம்போல் யு. வழக்கம்போல் அழித்தேன். பிறகு பெயர்களின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் நேராக நின்றன. மத்தியான ஷிஃப்ட்காரர் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஆலையில் கொடுத்த மிஷ்டி தோய், இனிப்புத் தயிர், டப்பாவோடு நான்கு மணிக்கெல்லாம் வீடு வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். குரலில் எப்போதும் இருக்கும் மிடுக்கு இல்லை. நான் வந்துபோன அன்று, மூன்றாம் டேங்கைக் காஸ்டிக் சோடாக் காரம் விட்டுக் கழுவியிருக்கிறார்கள். கடைசியாகத் தண்ணீர் விட்டு அலசுவதற்குள் பம்ப் மக்கர் செய்திருக்கிறது. அலசாத டேங்கில் மத்தியான ஷிஃப்ட் பாலை விட்டுவிட்டது. லேப் சோதனையில் பிடிபட்டது, யாரும் குடிக்கவில்லை. ஆனால் டேங்க் நிறையப் பால் சாக்கடைக்குப் போயிற்று. காலை ஷிஃப்ட் தாதா, மேல் வரியில் எழுதிவிட்டுத்தான் போனேன் என்கிறார். மத்தியான ஷிஃப்ட்காரர், மேல் வரி காலியாக இருந்தது என்கிறார். அவரோடு இருந்த இரண்டு பேரும் அதையே சொல்கிறார்கள்.

"மேடம், எழுதினாரா இல்லையான்னு பொட்டிக்குள்ள பாத்துச் சொல்ல முடியுமா? அவரை வீட்டுல இருக்கச் சொல்லியிருக்கோம். எழுதலைன்னா கான்ட்ராக்டர் வேற ஆளை அனுப்பிடுவார்."

பன்னிரண்டு வருட வேலை போகப் போகிறது என்று எனக்கு உறைத்தது. அதைவிட முந்திக்கொண்டு இன்னொன்றும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். பழைய எழுத்து அடியில் கிடக்கும் என்று முதல் வேலையில் கண்டுபிடித்தேனே, அதற்கு இத்தனை வருடம் கழித்து ஒரு பிரயோஜனம் வந்திருக்கிறது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "எங்க யார்டுல ரெஜிஸ்டர்ல அழிக்கவே கூடாது. கோடு போட்டு அடிச்சிட்டுப் பக்கத்துல எழுதணும். உங்க பொட்டில அப்படி இல்லையா?"

"இல்லைங்க. ஆனா அடியில மிச்சம் இருக்கும். நாளைக்குப் பாத்துடுவேன்."

"சரி, கடைசியா அதை யாரு தொட்டா? யார்டுல என்ன நடந்தாலும் எங்க துறைல முதல்ல அதான் கேப்பாங்க."

"அதைக் கண்டுபிடிக்கத்தானே போறேன்."

"நீயும் அன்னிக்கு அங்க இருந்தல்ல?"

"நான் பேரு பக்கத்தைத்தான் பாத்தேன். நான் எதுக்குங்க குறிப்பைத் தொடப்போறேன்?" என்று சிடுசிடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பேனல் ரூமில் மேனேஜர் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சம்பவத்துக்குப் பிறகு அவர் ஸ்கிரீன் குறிப்பையே நிறுத்திவிட்டு, எல்லோரையும் பழைய ரெஜிஸ்டருக்குத் திருப்பியிருந்தார். நல்லதாகப் போயிற்று. அந்த வரியில் யாரும் புதிதாக எதுவும் எழுதவில்லை. நான் அன்று யு போடவில்லை. எதையும் கலைக்கக் கூடாது என்று விரலை மடக்கிக்கொண்டு, படிப்பதற்கு மட்டும் நினைவகத்தைத் திறந்தேன்.

மேல் வரியின் முதல் அறையில் 40. இரண்டாவது அறையில் பூஜ்யம். அதனால்தான் ஸ்கிரீன் காலி. அதற்கு அப்புறம் எண்கள் இருந்தன. ஒன்றிரண்டல்ல, வரிசையாக முப்பத்துநான்கு. மேனேஜருக்கு அவை வெறும் எண்கள். நான் ஒரு காகிதத்தை எடுத்து, எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுத்தாக இறக்கத் தொடங்கினேன். முதல் எழுத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து பிடித்தேன். இடைவெளிகள் தெரிந்ததும் சொற்கள் தானாகப் பிரிந்தன. டேங்க் மூன்று. ஜோல் தோவா பாக்கி. துத் தேபேன் நா. தண்ணீர் விட்டு அலசுவது பாக்கி, பால் விடாதீர்கள்.

"எழுதியிருக்கார் சார்," என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "தெளிவா எழுதியிருக்கார்."

மேனேஜர் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். "அப்ப மத்தியான ஷிஃப்ட்காரன் படிச்சிட்டு அழிச்சிருக்கான். அழிச்சிட்டுக் காலியா இருந்ததுன்னு சாதிக்கிறான்," என்று மேஜைமேல் இருந்த போனை எடுத்தார்.

நான் விட்டுப்போன முதல் எழுத்தை நிரப்பப் போனேன். டேங்க் என்பதற்கு முதல் எழுத்து டி. டி-க்கு எண் 84. அறையில் இருந்தது 85. ஒன்றே ஒன்று கூடுதல். படிப்பதில் பிசகு என்று நினைத்து மறுபடி பார்த்தேன். 85 தான். 85 என்றால் யு.

அந்த ஐந்தாவது வரியைத் தாதா கேட்டது இரண்டு வருடத்துக்கு முன்னால். அப்போது பெட்டியில் இடம் நெருக்கடி. நாற்பது எழுத்து கொள்ளும் ஸ்ட்ரிங் ஒன்றுதான் காலியாக இருந்தது. எனக்கென்று வைத்திருந்த முதல் ஸ்ட்ரிங். யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததை மறந்தேன். அதற்குப் பிறகு இந்த ஆலைக்கு நான் வரவேண்டிய அவசியமே வரவில்லை, அன்று வரை. அன்று வந்து, லேப்டாப்பில் எட்டிக்கூடப் பார்க்காமல், தாதா எழுதிவிட்டுப் போன வரியின் தலையில் ஒரு யு போட்டு, வரியை அழித்துவிட்டு, தோய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அந்த அறையில் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்காமல் இருந்தால் தாதாவுக்கு வேலை திரும்பிவிடும், மாட்டிக்கொள்வது மத்தியான ஷிஃப்ட்காரர். மேனேஜர் போனில் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இருங்க சார். அழிச்சது அவர் இல்லை. நான்."

அவருக்கு முதலில் புரியவில்லை. யு என்றால் என்ன, எதற்குப் போட்டேன் என்று விளக்கினேன். டெஸ்ட் என்று சொல்லாமல் உள்ளதைச் சொன்னேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், எந்திரம் ஓடும்போதே எனக்குப் பெட்டியைத் திறக்க அனுமதி கொடுத்தவர் அவர். தலைமை அலுவலகம் அதைக் கேட்கும்.

"ஒண்ணு செய்யலாம் மேடம். பெட்டியில மெமரி கோளாறு, வரி தானா அழிஞ்சிடுச்சுன்னு ரிப்போர்ட் கொடுங்க. யார் மேலயும் வராது. அவரையும் வேலைக்கு எடுத்துக்கறேன்."

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். எல்லோரும் தப்பிக்கிறார்கள். பெட்டியும் வாய் திறந்து மறுக்கப்போவதில்லை. சரி என்று சொல்லப் போனேன். அப்போது அவர் ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தைக் காட்டினார். "இது வேற இருக்கு. நேத்துச் சாயங்காலம் கொடுத்தார். இனி இதுக்குத் தேவையில்லை."

வங்காளத்தில் எழுதிய கடிதம். குண்டு குண்டான அழகான எழுத்து. 'நான் குறிப்பு எழுத மறந்துவிட்டேன். எழுதியதாகச் சொன்னது தவறு. மன்னிக்க வேண்டுகிறேன்.' கீழே தாதாவின் கையெழுத்து.

"எழுதினேன்னுதானே சொன்னார்?"

"ரெண்டு நாள் அப்படித்தான் சொன்னார். மூணாம் நாள் வந்து இதைக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டா லோடிங் பக்கம் போடலாம்னு கான்ட்ராக்டர் சொல்லியிருந்தான்."

அந்தக் கடிதத்தை என்னால் கீழே வைக்க முடியவில்லை. அவரை வரச் சொல்லுங்கள் என்றேன். தாதா வீடு தாக்குர்புகூரில். அரை மணியில் சைக்கிளில் வந்துவிட்டார். மூன்று நாளில் முகம் சுருங்கியிருந்தது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நான் எழுத்தாக இறக்கிய காகிதத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை மெல்லப் படித்தார். கோபப்படுவார், நான் சொன்னேனா இல்லையா என்று மேனேஜரைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"திதி, நான் எழுதினேனா?" என்று என்னைக் கேட்டார்.

"எழுதினீங்க தாதா. பொட்டிக்குள்ள இருக்கு."

"எல்லாரும் இல்லை இல்லைன்னு சொன்னாங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். கை கழுவப் போனது ஞாபகம் இருக்கு. எழுதினது முந்தாநாள் வரைக்கும் ஞாபகம் இருந்தது. நேத்துக் காலைல யோசிச்சா அது இல்லை. சரி, நான்தான் கனவு கண்டிருக்கேன்னு நினைச்சேன்." அப்புறம்தான் உட்கார்ந்தார்.

அழித்தது நான் என்று சொன்னேன். என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. மேனேஜர் மெமரி கோளாறு யோசனையை அவரிடமும் சொன்னார். தாதா தலையை நிமிர்த்தினார்.

"வேணாம் சார். அப்ப பொட்டி தின்னுடுச்சுன்னு ஆகும். அடுத்த தடவை நான் எதைச் சொன்னாலும், தாதா எழுதியிருப்பாரா பொட்டி தின்னிருக்குமான்னு பேசுவாங்க. நான் எழுதினேன்னு எழுதுங்க. திதி அழிச்சாங்கன்னும் எழுதுங்க."

எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் முறைப்படி எச்சரிக்கை எழுதினார். நான் பார்க்காமல் அதன்மேல் எழுதி அழித்தேன். மத்தியான ஷிஃப்ட்டுக்கு அது தெரிய வழியில்லை. கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அதை வாங்கிக்கொண்டு, நாளை காலையிலிருந்து வேலைக்கு வரும்படி தாதாவிடம் சொன்னார். அந்த ஆலையிலிருந்து அதற்குப் பிறகு எனக்கு அழைப்பு வரவில்லை, அது நியாயம்தான்.

தாதா தன் மன்னிப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கிழிச்சுப் போட்டுடுங்க தாதா," என்றேன்.

"இது என் பொண்ணு எழுதினது திதி. எனக்குக் கடிதாசி எல்லாம் கோர்வையா வராது. நெஜமாவே நீ எழுதலையா பாபான்னு எழுதறதுக்கு முன்னாடி கேட்டா. எழுதலைன்னு சொன்னேன். வீட்டுல எல்லார்கிட்டயும் அதான் சொன்னேன்." சட்டைப் பையைத் தட்டிக்கொண்டார். "இங்கிலீஷ் ரிப்போர்ட்டை எனக்குத் தர மாட்டாங்க. நீங்க ஒரு வரி வங்காளத்துல எழுதித் தருவீங்களா? உங்க போன் நம்பரோட?"

காகிதத்தில் கையால் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, அதையும் மடித்து அதே பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும், சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன். மாவுக்கையோடு எடுத்தேன். ஒரு பெண்பிள்ளையின் குரல், பதினைந்து பதினாறு வயது இருக்கலாம்.

"நீங்கதான் அழிச்சீங்களா?"

"ஆமாம்மா. நான்தான்."

"பாபா எழுதியிருந்தாரா?"

"எழுதியிருந்தார். முப்பத்துநாலு எழுத்து. ஒரு எழுத்துதான் போச்சு, மீதியெல்லாம் நான் படிச்சேன்."

"என்னை எழுதச் சொன்னாரே, அது பொய்யா?" என்றாள்.

"பொய்தான்மா. அவர் தெரிஞ்சு சொன்ன பொய் இல்லை."

சரி என்றாள். போனை வைக்கவில்லை. அவள் எங்கோ நடந்து போவதும், ஒரு கதவைத் தள்ளுவதும், "பாபா, ஓ பாபா" என்று கூப்பிடுவதும் எனக்குக் கேட்டது. அங்கிருந்து ஒரு குரல் பதில் சொல்வதற்குள் நான் போனை வைத்துவிட்டேன்.